மாப்பிளா கலாசிகளின் பாரந்தூக்கும் முறை

மாப்பிளா கலாசிகள் எனப்படுவோர் கேரள மாநிலத்தின் மலபார்க் கரையில், குறிப்பாகக் கோழிக்கோடு மாவட்டத்தின் பேப்பூர், சாலியம் ஆகிய ஊர்களில் வாழும் மரபுவழிக் கப்பற்றுறைத் தொழிலாளர் ஆவர். உரு எனப்படும் பெரிய மரக்கப்பல்களைக் கட்டிய இடத்திலிருந்து நகர்த்தி ஆற்றில் இறக்குவது இவர்களின் முதன்மையான தொழில். இப்பணியில் தாவர் என்னும் மரச் சுழல்தண்டு, கப்பி, வடம், உருளைக் கட்டை, நெம்புகோல் ஆகிய எளிய கருவிகள் பயன்படுகின்றன. இவற்றை இயக்குவது மனித வலிமை மட்டுமே. இம்முறையின் சிறப்பு இரண்டு வகையானது. சிலருடைய கைவலிமை பல டன் இழுவிசையாகப் பெருக்கப்படுகிறது. மேலும், கனரக எந்திரம் நிற்க இடமில்லாத ஆற்றங்கரை, சேற்று நிலம், நீர்ப்பரப்பு ஆகிய இடங்களிலும் இக்கருவிகளை நிறுவ முடிகிறது. இக்காரணத்தினால் 1988 இல் நிகழ்ந்த பெருமண் தொடர்வண்டி விபத்தின்போது இம்முறை கப்பல் தொழிலுக்கு வெளியேயும் அறியப்பட்டது.

பெயர்

கலாசி என்ற சொல் இந்தியத் துறைமுகங்களில் மாலுமிகளையும் துறைமுகத் தொழிலாளரையும் குறிக்கப் பயன்பட்டு வந்தது. தமிழிலும் கப்பலாள் என்னும் பொருளில் இச்சொல் வழங்கியுள்ளது. இந்திய இரயில்வேயில் பாரம் தூக்குதல், கருவிகளைக் கையாளுதல் போன்ற பணிகளைச் செய்யும் ஊழியரும் கலாசி என்றே அழைக்கப்பட்டனர். மாப்பிளா என்பது மலபார் முசுலிம்களைக் குறிக்கும் பெயர். ஆயினும் உரு கட்டும் தொழில் ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. மரவேலையில் ஆசாரிமாரும், கப்பலை நகர்த்தும் வேலையில் கலாசிகளும் ஈடுபடுவது மரபு.

புவியியல் பின்னணி

பேப்பூர், கோழிக்கோடு நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில், சாலியாறு அரபிக்கடலில் கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது. ஆற்றின் எதிர்க்கரையில் சாலியம் உள்ளது. 169 கி.மீ. நீளமுள்ள சாலியாறு நீலகிரிப் பகுதியில் தோன்றி, தேக்குக்குப் பெயர்பெற்ற நிலம்பூர் வழியாகப் பாய்கிறது. நிலம்பூரில் 1840களில் தேக்குத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. காட்டில் வெட்டப்பட்ட மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டுக் கழிமுகத்துக்குக் கொண்டுவர முடிந்தமையால், கப்பல் கட்டுவதற்குத் தேவையான மரம், நீர்வழி, கடல்வாயில் ஆகிய மூன்றும் பேப்பூரில் ஒருங்கே அமைந்தன.

பருவக்காற்றைப் பயன்படுத்தி மலபாருக்கு வந்த அரபு வணிகர்கள் இங்கே கப்பல்களைக் கட்டிக்கொண்டனர். பாரசீக வளைகுடாத் துறைமுகங்களில் கப்பல் கட்டுவதற்கான மரமும் பெருமளவில் மலபாரிலிருந்தே சென்றது. மும்பையில் வாடியா குடும்பத்தினரால் கட்டப்பட்டு 1817 இல் நீரில் இறக்கப்பட்ட திரிங்கோமலி என்ற பிரித்தானியப் போர்க்கப்பலும் மலபார்த் தேக்கினால் ஆனது. அக்கப்பல் இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூல் நகரில் அருங்காட்சியகக் கப்பலாக வைக்கப்பட்டுள்ளது.

தேவை எழுந்த விதம்

உரு ஆற்றங்கரையிலேயே, பெரும்பாலும் ஓலைக் கொட்டகையின் கீழ் கட்டப்படுகிறது. நவீன கப்பல் கட்டும் தளங்களில் உள்ளதுபோல நீரை உள்ளே விட்டுக் கப்பலை மிதக்கச் செய்யும் உலர்துறை இங்கு இல்லை. நீர்மட்டம் நோக்கிச் சரியும் நிலையான இரும்புத் தடங்களும் மரபுவழித் தளங்களில் இருந்ததில்லை. எனவே கட்டி முடிக்கப்பட்ட, சில நூறு டன் எடையுள்ள கப்பலை முழுமையாக நிலத்தின்மீது நகர்த்தியே நீருக்குக் கொண்டுசெல்ல வேண்டியுள்ளது.

இந்த நகர்த்தலில் ஏற்படும் தவறு பெரும் இழப்பை உண்டாக்கும். கப்பலின் அடிமரம் முழு நீளத்துக்கும் தாங்கப்படாவிட்டால் உடற்பகுதி வளைந்து பலகை இணைப்புகள் விலகும். ஒரு பக்கம் மட்டும் விரைவாக இழுக்கப்பட்டால் கப்பல் சாயும். பல மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் நீண்ட மரவேலையின் பயன் இந்தக் கடைசிச் சில நூறு அடிகளில் தங்கியுள்ளது. இதனால் கலாசிகளின் பணியில் விரைவைக் காட்டிலும் கட்டுப்பாடே முதன்மை பெறுகிறது.

கருவிகள்

தாவர்

தாவர் என்பது நிலைக்குத்தாக நிறுத்தப்பட்ட கனமான மர உருளையைக் கொண்ட சுழல்தண்டு ஆகும். உருளை ஒரு சட்டத்துக்குள் பொருத்தப்பட்டிருக்கும். அதன் மேற்பகுதியில் குறுக்காக நீண்ட தடிகள் செருகப்படும். தொழிலாளர்கள் இத்தடிகளை மார்பளவில் தள்ளியபடி உருளையைச் சுற்றி நடப்பர். உருளையில் சில சுற்றுகள் சுற்றப்பட்ட வடம் இதனால் இழுக்கப்படுகிறது. சட்டம் இழுவிசையால் பெயர்ந்து வராதபடி நிலத்தில் ஆழமாக நடப்பட்ட மரங்களுடனோ வேறு உறுதியான பிடிமானத்துடனோ பிணைக்கப்பட்டிருக்கும்.

ஐரோப்பியப் பாய்க்கப்பல்களில் நங்கூரம் ஏற்றப் பயன்பட்ட நிலைக்குத்துச் சுழல்தண்டும் இதே தத்துவத்தில் இயங்கியது. கிணற்றில் நீர் இறைக்கும் சிலவகை இராட்டினங்களில் அச்சு கிடையாக இருக்கும். அச்சு கிடையாக இருந்தால் ஒரே நேரத்தில் சிலர் மட்டுமே கைபோட முடியும். நிலைக்குத்து அச்சில் தடிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பலர் சுற்றிலும் நின்று தள்ள முடியும். கைகளால் இழுப்பதைவிட உடல் எடையும் கால் வலிமையும் சேர்ந்து தள்ளுவது நீண்ட நேரம் செய்யக்கூடியது என்பது இதன் மற்றொரு நன்மை.

கப்பி

கப்பி என்பது பள்ளமுள்ள சில்லையும் அதைத் தாங்கும் கூட்டையும் கொண்டது. ஒரு கூட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட சில்லுகள் இருக்கலாம். நிலையான பிடிமானத்தில் ஒரு கப்பியும், நகர்த்தப்படும் பொருளில் மற்றொன்றுமாகப் பிணைத்து, இரண்டுக்கும் இடையே வடத்தைப் பலமுறை கோத்தால் இழுவிசை பெருகும். நிலைக்கப்பி தனியாக விசையைப் பெருக்காது. அது விசையின் திசையை மட்டும் மாற்றும். நகரும் கப்பியே விசையைப் பெருக்குகிறது. திசையை மாற்றும் பண்பினால் தாவரை கப்பல் செல்லும் திசையிலேயே நிறுவ வேண்டிய கட்டாயம் இல்லை. கப்பல் ஆற்றை நோக்கி நகரும்போது, தாவர் கரையில் உறுதியான நிலத்தில் இருக்க முடியும்.

வடம்

முற்காலத்தில் தென்னை நார் வடங்கள் பயன்பட்டன. நார் வடம் உப்புநீரில் எளிதில் அழுகாதது. இழுவிசை கூடும்போது நீண்டுகொடுக்கும் தன்மையும் உடையது. பிற்காலத்தில் எஃகுக் கம்பிவடங்கள் வழக்குக்கு வந்தன.

உருளைக் கட்டைகளும் நெம்புகோலும்

கப்பலின் அடியில் கட்டைகள் வரிசையாக இடப்படும். கப்பல் முன்னேற முன்னேறப் பின்னால் விடுபடும் கட்டைகள் எடுத்து முன்னால் இடப்படும். நெம்புகோல்களும் திருகுத் தூக்கிகளும் கப்பலைச் சிறிது உயர்த்திக் கட்டை செருகவும், திசையைத் திருத்தவும் உதவுகின்றன. தமிழ்நாட்டுக் கோயில் தேரோட்டத்தில் வடம் பிடிப்போர் முன்னிருந்து இழுக்க, பின்னிருந்து நெம்புவோர் தேரைக் கிளப்ப, முட்டுக்கட்டை இடுவோர் அதன் திசையையும் வேகத்தையும் கட்டுப்படுத்துவதை இதனுடன் ஒப்பிடலாம்.

இயங்கும் தத்துவம்

விசை பெருகும் அளவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு தாவரில் 10 பேர் நின்று, ஒவ்வொருவரும் 20 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் தள்ளுவதாகக் கொள்வோம். மொத்த விசை 200 கி.கி. அவர்கள் அச்சிலிருந்து 1.8 மீட்டர் தொலைவில் தள்ளுகின்றனர் என்றும், உருளையின் ஆரம் 15 செ.மீ. என்றும் கொண்டால், நெம்பு விகிதம் 12 ஆகும். எனவே வடத்தில் ஏற்படும் இழுவிசை 2,400 கி.கி. ஆகும்.

இவ்வடம் நான்கு இழைகளாகக் கோக்கப்பட்ட கப்பித் தொகுதி வழியே சென்றால், உராய்வு இல்லாதபோது 9,600 கி.கி. விசை கிடைக்கும். ஒவ்வொரு சில்லிலும் பத்தில் ஒரு பங்கு உராய்வினால் இழக்கப்படும் எனக் கொண்டாலும், ஏறத்தாழ 7,400 கி.கி. விசை கப்பலை அடைகிறது. 300 டன் எடையுள்ள ஒரு கப்பல் உருளைக் கட்டைகளின்மீது நிற்கும்போது, அதன் எடையில் இருபதில் ஒரு பங்கு தடையாக இருப்பின், அதை நகர்த்த 15 டன் விசை வேண்டும். மேற்கூறியவாறு அமைந்த இரண்டு தாவர்கள் சேர்ந்து ஏறத்தாழ இவ்வளவு விசையைத் தரும். அதாவது 20 பேரின் வலிமையும் சிறிது நெம்புகோல் உதவியும் 300 டன் கப்பலை அசைக்கப் போதுமானவை.

விசையில் பெறும் இந்த ஆதாயத்துக்குத் தொலைவில் விலை கொடுக்க வேண்டும். மேற்கண்ட அமைப்பில் கப்பல் ஒரு மீட்டர் நகர, தாவரைத் தள்ளுவோர் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 48 மீட்டர் நடக்க வேண்டும். உரு நீரைச் சேரப் பல நாட்கள் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் இந்த மெதுவான நகர்வே பாதுகாப்பாகவும் அமைகிறது. ஒரு சுற்று முடிந்தவுடன் பணியை நிறுத்தி, கட்டைகளின் நிலையைச் சரிபார்த்து, மீண்டும் தொடர முடியும்.

வடம் உருளையில் நழுவாமல் இருப்பதற்குக் காரணம் உராய்வு. உருளையைச் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் பிடிமானம் பன்மடங்காகப் பெருகுகிறது. உராய்வுக் கெழு 0.25 ஆக இருக்கும்போது மூன்று சுற்றுகள் சுற்றினால், ஒருவர் வடத்தின் தளர்ந்த முனையில் கொடுக்கும் பிடி நூறு மடங்குக்கும் மேற்பட்ட இழுவிசையைத் தாங்கும். இதனால் தளர்ந்த முனையை ஒருவரோ இருவரோ பிடித்திருந்தாலே போதும். அவர்கள் பிடியைச் சற்றுத் தளர்த்தினால் வடம் மெதுவாக வழுக்கும். பாரத்தை இறக்கும்போது இதுவே தடையாகப் பயன்படுகிறது.

ஆபத்துகள்

சுழல்தண்டு வகைக் கருவிகளில் பெரும் ஆபத்து பின்சுழற்சியாகும். பாரம் திடீரெனப் பின்வாங்கினால், வடம் உருளையை எதிர்த்திசையில் வேகமாகச் சுழற்றும். அப்போது தடிகள் தள்ளுவோரைத் தாக்கித் தூக்கி எறியக்கூடும். ஐரோப்பியக் கப்பல்களில் பின்சுழற்சியைத் தடுக்கப் பற்தடைகள் அமைக்கப்பட்டன. அறுந்த வடம் சாட்டைபோல் வீசித் தாக்குவதும் ஓர் ஆபத்து. எஃகு வடத்தில் இது உயிர்ப்பலி வாங்கக்கூடியது. எனவே இழுவையில் உள்ள வடத்தின் நேர்கோட்டில் எவரும் நிற்கக் கூடாது என்பது பாரந்தூக்கும் தொழில் அனைத்துக்கும் பொதுவான விதி.

வேலைப்பாட்டு

அனைவரும் ஒரே கணத்தில் தள்ளினால்தான் விசைகள் ஒன்றுசேரும். வெவ்வேறு கணங்களில் தள்ளப்படும் விசை வீணாகும். இதற்காகக் கலாசிகள் வேலைப்பாட்டுப் பாடுகின்றனர். ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டாக ஒலியெழுப்பித் தள்ளுவர். கப்பல் உயரமாக இருப்பதால் ஒரு பக்கத்தில் நிற்பவருக்கு மறுபக்கம் தெரியாது. இந்நிலையில் பாட்டு, குழுத்தலைவரின் கட்டளையை இரு பக்கத்துக்கும் கொண்டுசெல்லும் அறிவிப்பாகவும் அமைகிறது. தமிழகக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் மீனவர் பாடும் அம்பாப் பாடல்களும் இதே பயனுடையவை.

கடலோட்டத்தில் பாரந்தூக்கும் கருவிகள்

கப்பல் நீரில் இறங்கிய பின்னும் பாரந்தூக்கும் தேவை நீங்குவதில்லை. முக்கோணப் பாய் கொண்ட அரபு, இந்தியக் கப்பல்களில் பாய் கட்டப்படும் பருமல் மரம் கப்பலின் நீளத்துக்கு ஏறக்குறைய நிகரானது. நனைந்த பாயுடன் சேர்ந்த இம்மரத்தைப் பாய்மரத்தின் உச்சிவரை ஏற்றுவதற்குப் பல சில்லுகள் கொண்ட பெரிய கப்பி பயன்பட்டது. ஏற்றி முடித்ததும் கப்பியின் அடிமுனை பாய்மரத்துக்குப் பின்னால் தளத்தில் கட்டப்படும். காற்று பாயை முன்னோக்கித் தள்ளும்போது அதுவே பாய்மரத்தைப் பின்னிருந்து தாங்கும் கட்டாகவும் ஆனது. 1938-39 இல் குவைத்து நாட்டின் பாய்க்கப்பல் ஒன்றில் பயணம் செய்த ஆத்திரேலிய மாலுமியும் எழுத்தாளருமான ஆலன் வில்லியர்சு இவ்வகைக் கப்பல்களின் வாழ்வை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

தமிழர் கடலோட்டத்திலும் இக்கருவிகள் இடம்பெற்றன. தூத்துக்குடித் தோணிகள் பாய்களின் வலிமையால் இலங்கைக்குச் சரக்கு ஏற்றிச் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவை எந்திரத்துக்கு மாறின. இலங்கையின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அத்திலாந்திக்குப் பெருங்கடலைக் கடந்து ஐக்கிய அமெரிக்காவின் குளோசுட்டர்த் துறைமுகத்தை அடைந்தது. பாய்க்கப்பல் எதுவாயினும், அதன் பாய்களை ஏற்றுவதும் இறக்குவதும் கப்பிகளையும் வடங்களையுமே நம்பியிருந்தது.

பிற நாடுகளில்

பலகப்பிகளின் வலிமைக்குப் பழைய எடுத்துக்காட்டு ஆர்க்கிமிடீசு பற்றியது. சிராக்கூசு மன்னன் இயரோவின் முன்னிலையில், மூன்று பாய்மரங்கள் கொண்ட பாரமேற்றிய கப்பலைக் கப்பித் தொகுதியின் உதவியால் அவர் தனி ஒருவராக இழுத்தார் என்று புளூட்டாக் எழுதியுள்ளார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கப்பிகள் தேவைப்பட்டன. இவற்றைக் கையால் செய்வது கடினமானமையால், இங்கிலாந்தின் போர்ட்சுமவுத்துக் கப்பல் தளத்தில் மார்க் புரூணெல் வடிவமைத்த எந்திரங்கள் நிறுவப்பட்டன. 1808 அளவில் அங்கு ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் உற்பத்தியாயின. முன்பு 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்ய முடிந்தது. எந்திரங்களைக் கொண்டு ஒரே அளவான பொருட்களைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் முறையின் தொடக்கங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

பாய்மரம் போன்ற நீண்ட மரங்களை நிலைநிறுத்த, இரண்டு மரங்களை உச்சியில் சேர்த்துக் கட்டி, அடியை அகற்றி ஊன்றி, உச்சியில் கப்பி தொங்கவிடும் முறை பல நாட்டுக் கப்பல் தளங்களில் வழங்கியது. இன்றைய பாரந்தூக்கிகளின் முன்னோடிகளுள் இதுவும் ஒன்று.

மீட்புப் பணிகள்

1988 சூலை 8 அன்று, பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கி வந்த ஐலண்டு விரைவுத் தொடர்வண்டி, கொல்லம் அருகே பெருமண் பாலத்தின்மீது தடம்புரண்டது. பல பெட்டிகள் அட்டமுடிக் காயலில் வீழ்ந்தன. 105 பேர் உயிரிழந்தனர். சூறைக்காற்றே காரணம் என அதிகாரபூர்வ விசாரணை கூறியது. அம்முடிவு பலத்த ஐயத்துக்கு உள்ளாகியது.

காயலில் வீழ்ந்த பெட்டிகளை மீட்பதில் எந்திரப் பாரந்தூக்கிகள் இடர்ப்பட்டன. பயணிகள் பெட்டி ஒன்றின் வெற்று எடையே ஏறத்தாழ 40 டன். உள்ளே புகுந்த நீரும் சேறும் அதைப் பின்னும் கூட்டும். தண்டவாளத்தில் நின்று இயங்கும் பாரந்தூக்கி, தன் கையை எவ்வளவு தொலைவுக்கு நீட்டுகிறதோ அவ்வளவுக்கு அதன் தூக்கும் திறன் குறையும். தன் எடையையும் பாரத்தையும் தாங்கவல்ல உறுதியான தளமும் அதற்கு வேண்டும். சேதமடைந்த பாலமும் காயலின் சேறும் அத்தகைய தளத்தைத் தரவில்லை. இந்நிலையில் வரவழைக்கப்பட்ட மாப்பிளா கலாசிகள் தாவர், கப்பி, வடம் ஆகியவற்றைக் கொண்டு பெட்டிகளைக் கரைக்குக் கொண்டுவந்தனர். அவர்களுடைய கருவிகளைப் பிரித்து எடுத்துச்சென்று, பிடிமானம் உள்ள இடத்தில் நிறுவ முடியும். பாரம் ஒரே புள்ளியில் அழுத்தாமல் பல பிடிமானங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. நூற்றாண்டுகளாகச் சேற்றங்கரையில் கப்பல் இழுத்துப் பெற்ற அறிவு இவ்வாறு தொடர்வண்டிக்குப் பயன்பட்டது.

2001 சூன் 22 அன்று மங்களூர் - சென்னை அஞ்சல் தொடர்வண்டி கடலுண்டி ஆற்றுப் பாலத்தில் விபத்துக்குள்ளாகி 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடலுண்டி, சாலியத்துக்கு மிக அருகில் உள்ள ஊர். உள்ளூர் மக்களுடன் கலாசிகளும் இங்கு மீட்புப் பணியில் ஈடுபட்டனர். கேரளத்தின் முதல் இருப்புப்பாதை 1861 இல் திறக்கப்பட்டபோது, திரூரிலிருந்து வந்த அப்பாதையின் முடிவிடம் கலாசிகளின் ஊரான சாலியமே என்பது குறிப்பிடத்தக்கது.

இன்றைய நிலை

எஃகுக் கப்பல்களும் சரக்குப் பெட்டகப் போக்குவரத்தும் பெருகியபின் வணிகத்துக்காக உரு கட்டுவது பெரிதும் குறைந்தது. வளைகுடா நாடுகளைச் சேர்ந்தோர் உல்லாசப் பயணத்துக்கும் காட்சிக்கும் அளிக்கும் சில பணிகளே இத்தொழிலைத் தாங்கி நிற்கின்றன. புதிய உருக்களில் எந்திரங்கள் பொருத்தப்படுகின்றன. ஒவ்வோர் உருவுக்கும் இடையே நீண்ட இடைவெளி ஏற்படுவதால் இளைஞர்கள் இத்தொழிலுக்கு வருவதும் குறைந்துள்ளது.

தாவரை மீண்டும் செய்வது கடினமன்று. மரமும் தச்சனும் இருந்தால் போதும். கைவிடப்பட்டால் மீட்பதற்கு அரியது, எந்த மண்ணில் எவ்வளவு ஆழத்தில் பிடிமானம் நடுவது, வடத்தின் ஒலியிலிருந்து அதன் இழுவிசையை எவ்வாறு அறிவது, எப்போது நிறுத்துவது என்பன போன்ற பட்டறிவாகும். இவை எழுத்தில் இல்லாமல், வேலைத்தளத்தில் மூத்தோரிடமிருந்து இளையோருக்குக் கைமாறி வந்தவை. உரு நீரில் இறங்கும் நிகழ்வுகள் அருகும்போது, அவற்றைக் கற்கும் வாய்ப்பும் அருகுகிறது.